உன்னை விடுதிக்கு அனுப்பியது படிப்புக்காக அல்ல

அன்பு மகளுக்கு,

நீ கேட்டது ஒரு பக்கம். மூளையில் அடிபட்டவர்களைப் பராமரிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கப் போகிறாய். முதல் நாளில் வாசித்துக் காட்ட, அப்படிப்பட்ட ஒருவரோடு வீட்டில் வாழ்ந்த ஆளின் நாலு வார்த்தை வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னாய். "அம்மாக்கு நடந்தத எழுதுங்கப்பா, பெரிசா ஒண்டும் வேணாம்" என்றாய். மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். அம்மாவுக்கு நடந்ததை எழுத உட்கார்ந்தால் நான் செய்தது குறுக்கே வந்து நிற்கிறது. உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று அதற்குள் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மிச்சத்தை எழுதினால் அந்தப் பிள்ளைகள் என்னை நல்ல கணவன், நல்ல தகப்பன் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஆகவே முழுவதையும் உனக்கே எழுதுகிறேன். எதை அவர்களுக்கு வாசிப்பது என்று நீ தீர்மானி. முழுவதையும் வாசித்தாலும் எனக்குச் சம்மதம்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாங்கேணியில் நான் படகு இன்ஜின் திருத்திக்கொண்டிருந்த காலத்தில், உன் அம்மா குசினிக்குள் இருந்தபடியே, கரைக்கு வரும் படகு யாருடையது என்று சத்தத்தை வைத்துச் சொல்லுவாள். மீன் கழுவிக்கொண்டே உன்னிடம் வாய்ப்பாடு கேட்பாள். அதற்கிடையில் வேலிக்கு அங்கால் நிற்பவளோடும் கதைப்பாள். அவள் மற்றவர்களோடு சிரித்துக் கதைப்பது எனக்குப் பிடிக்காது. அவளுடைய சொந்தத் தம்பி வந்து போனால்கூட, "அப்பிடி என்ன சிரிப்பு ரெண்டு பேருக்கும்?" என்று துருவுவேன். அவள் அதையும் சிரித்தே தட்டிவிடுவாள். இந்தக் குணத்தைச் சுனாமி எனக்குக் கொண்டுவரவில்லை. அது முதலிலிருந்தே என்னிடம் இருந்தது.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய இன்ஜினைப் பார்ப்பதற்காக உன்னையும் ஏற்றிக்கொண்டு வாழைச்சேனைக்குப் போயிருந்தேன். அதனால்தான் நாம் இருவரும் தப்பினோம். திரும்பி வரும் வழியில் சனம் எதிரே ஓடி வந்தது. பின்னேரம் நாலு மணிபோல, தாழம்பற்றைக்குள் உன் அம்மாவைக் கண்டெடுத்தோம். எந்த வீட்டுக் கூரை மரமோ, நெற்றியில் அடித்திருந்தது. மூச்சு மட்டும் இருந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் அவளுடைய தலையை உன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய்; உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் கண் திறந்தாள். தையல் பிரித்தார்கள். மழித்த தலையில் மயிர் வளர்ந்தது. தழும்பு மங்கியதும் ஊரார் எல்லாருக்கும் அவள் சுகமாகிவிட்டாள். வீட்டில் மூன்று பேரை, நாலு பேரைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் வந்து, "நீங்க குடுத்து வச்ச ஆள், பொண்டாட்டி திரும்பி வந்துட்டா" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வீடிழந்தவர்களுக்குக் கட்டித் தந்த தகரக் கொட்டிலுக்கு வந்த பிறகுதான், திரும்பி வந்தது யார் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. உலையில் அரிசி போடுவாள்; கருகி மணக்கும் வரைக்கும் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டு இருப்பாள். குளிக்கச் சொன்னால் "ஓம்" என்பாள், எழும்ப மாட்டாள். காலை பத்து மணிக்குள்ளேயே களைத்துப் படுப்பாள். ஒரு கெட்ட வார்த்தையும் அறியாதவள், ஒரு கோப்பை விழுந்து உடைந்ததற்கு என்னைத் தெருவே கேட்க ஏசினாள். ஒருநாள், "நேத்து களுதாவளைப் பிள்ளையாருக்குப் போய் வந்தன்" என்றாள். முதல் நாள் முழுவதும் பாயை விட்டு அசையாதவள். எனக்குப் பொறுக்கவில்லை. "என்னத்துக்குப் பொய் சொல்றாய்? நீ எங்க போன?" என்று கத்தினேன். அவள் முகம் இறுகியது. நீ பள்ளிக்கூடச் சட்டையோடு உள்ளே வந்து, "கோயில்ல சனமாம்மா?" என்று கேட்டாய். "ஓம் மனெ, சரியான சனம்" என்று உன்னோடு கதைக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கதை தானாகவே முடிந்துபோனது. அவள் பொய் சொல்லவில்லை, ஞாபகத்தில் இருந்த ஓட்டையை அவளுடைய மூளை கையில் கிடைத்ததைக் கொண்டு அடைத்தது என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னோடு பேசாதவள் உன்னோடு பேசுகிறாள் என்பதுதான்.

பிறகு அந்தச் சீப்பு. நான் மரத்தடியில் ஒரு இன்ஜினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தேன். நீ அம்மாவுக்கு முன்னால் குந்தி, "அம்மா, சீப்பு" என்று மட்டும் சொன்னாய். அதோடு பேசாமல் இருந்தாய். அவள் சீப்பைப் பார்த்தாள். நேரம் போனது. எனக்குக் கை துடித்தது. நானாக இருந்தால் அதற்குள் தலையை இழுத்துப் பின்னி முடித்திருப்பேன். நீ அசையவே இல்லை. கடைசியில் அவளுடைய கை எழும்பியது. சீப்பை எடுத்தாள், வாரத் தொடங்கினாள், வாரி முடித்து உன்னைப் பார்த்துச் சிரித்தாள். சுனாமிக்குப் பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு அது. சந்தோசத்தில் எழும்பிக் கிட்ட வந்தேன். அவள் என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தி, உன்னிடம், "அந்த ஆளப் போகச் சொல்லு" என்றாள்.

மகள், அந்த நிமிசம் என் நெஞ்சுக்குள் வந்ததை என்னவென்று சொல்லுவேன்? ஒரு ஆம்பிளையைக் கண்டு வந்திருந்தால் பெயர் சொல்லலாம். நீயோ பன்னிரண்டு வயது, எனக்குப் பிறந்த பிள்ளை. பொறாமைதான். வேறு பெயர் இல்லை. அதற்குப் பிறகு நீ அம்மாவோடு இருந்த ஒவ்வொரு நேரத்தையும் நான் அளந்துகொண்டிருந்தேன். உன்னிடம் எத்தனை வார்த்தை, என்னிடம் எத்தனை. நீ கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தாள், நான் கொடுத்ததை ஆறவிட்டாள்.

மாதம் ஒருதரம் கிளினிக்குக்குப் போவோமே, அங்கே நசீமா மிஸ் இருந்தார். அடிபட்டவர்களுக்கு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குகிறவர். ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் வந்து போனவர். அவர்தான் எனக்கு முதன்முதலில் விளங்கப்படுத்தினார். நெற்றிக்குப் பின்னால் அடிபட்டால் ஆளுக்கு வேலை தெரியும், தொடங்கத்தான் வராது. பார்க்கிறவர்களுக்குச் சோம்பல் மாதிரி இருக்கும். கோபம் வரும், அதை அடக்கிற பிரேக் பழுதாகியிருக்கும். சத்தமும் சனமும் கூடினால் தலை தாங்காது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு விசயம், வைத்த பொருள் வைத்த இடத்தில், களைக்க முன்னம் ஓய்வு. இவ்வளவையும் சொல்லிவிட்டு, நீ அம்மாவுக்குச் செருப்புப் போடப் பழக்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன், இந்தப் புள்ள செய்யிற மாதிரியே நீங்களும் செய்ங்க" என்றார். "ஒரு சொல்லுச் சொல்லிட்டு மறுகா பொறுத்திரிக்கி. நீங்க முந்திக்கிட்டுச் செஞ்சா அவக்குப் பழக வழியில்ல. புள்ளைட்டக் கேட்டுப் பழகுங்க."

சொன்னது முழுவதும் சரி. ஆனால் அந்த அறையில் அதைச் சொன்னபோது உன் அம்மா உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கதவடியில் மருந்து எழுதிய துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் வரும்போது நீ சந்தோசமாக ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாய். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த கிழமை, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மட்டக்களப்பு டவுணுக்குப் போய், பாலத்தடி ஹொஸ்டலில் உன்னைச் சேர்க்கிற படிவத்தில் கையெழுத்து வைத்தேன்.

இதைத்தான் நான் உனக்குச் சொல்லவில்லை. யுத்தம் திரும்பி, நம் ஊருக்குக் கிட்ட வாகரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது நான் கையெழுத்து வைத்ததற்குப் பிறகு. அது விழத் தொடங்கியதும் எனக்கு நல்ல வசதியாகப் போயிற்று. ஊரில் எல்லாரும், "புத்தியான வேலை செஞ்சீங்க, பொட்டப்புள்ளய இஞ்ச வச்சிரிக்கக் கூடாது, படிப்பும் கெட்டுப்போகும்" என்றார்கள். நான் தலையாட்டினேன். நீயும் அதையே நம்பினாய். போவதற்கு முன்னம் ஒரு கொப்பி எழுதி அம்மாவின் தலைமாட்டில் வைத்தாய். முதல் பக்கத்தில் அம்மாவின் பெயர், ஊர், உன் பெயர், நீ இருக்கிற இடம். பிறகு விடிந்ததிலிருந்து என்னென்ன செய்வது என்று பெரிய எழுத்தில் ஒவ்வொன்றாக. "அப்பாக்கிட்டக் கேளுங்க" என்பது நாலாம் பக்கத்தில்தான் இருந்தது. நீ போன பத்தாம் நாள் தேத்தண்ணீருக்கு அடுப்பு மூட்டும்போது அந்தக் கொப்பியைக் கிழித்து அடுப்புக்குள் வைத்தேன். மழையில் நனைந்து போனது என்று உனக்குச் சொன்னேன்.

நீ போய்விட்டாய், இனி என் பக்கம் திரும்புவாள் என்று இருந்தேன். அவள் காலையிலிருந்து, "மகள் எங்க?" என்று கேட்டாள். "பாலத்தடி ஹொஸ்டல்ல" என்றேன். ஐந்து நிமிசத்தில் திரும்பவும் கேட்டாள். "பாலத்தடி ஹொஸ்டல்ல." ஒரு நாளில் நாற்பது தரம், ஐம்பது தரம், எரிச்சலோடு அதே இரண்டு சொல்லை எறிந்துகொண்டிருந்தேன். மற்றபடி நான் அவளை ராணி மாதிரிப் பார்த்துக்கொண்டேன். தலை வாரினேன், குளிக்க வார்த்தேன், சோற்றைக் குழைத்து ஊட்டினேன். உன்னோடு பழகியதெல்லாம் ஒவ்வொன்றாக அவளை விட்டுப் போனது. சீப்பைக் கையில் கொடுத்தாலும் அதை என்னிடமே நீட்டிக்கொண்டு பார்ப்பாள். மகள், எழுதக் கை கூசுகிறது: அது எனக்குச் சந்தோசமாக இருந்தது. இனி நான் இல்லாமல் அவளால் ஒன்றும் ஏலாது. உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தைக் கட்டாயம் வாசி. எல்லாவற்றையும் தானே செய்கிற சொந்தக்காரரைக் கண்டால் உடனே மெச்ச வேண்டாம் என்று சொல். அவர் என்னைப் போன்றவராகவும் இருக்கலாம்.

பிறகு சண்டை ஊருக்கே வந்தது. எல்லாரும் தெற்கே வெளிக்கிட்டோம். வாழைச்சேனைக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களை இறக்கினார்கள். சனமும் ஒலிபெருக்கியும் பிள்ளைகள் அழுகிற சத்தமுமாக, சுகமான ஆளுக்கே தலை வெடிக்கும் இடம். அவளை ஒரு வகுப்பறைச் சுவரோரம் இருத்தி, "இஞ்சயே இரு" என்று சொல்லி, தண்ணீர் வரிசைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பாய் மட்டும் கிடந்தது.

இரண்டு நாள் தேடினேன். ஒவ்வொரு முகாமாகப் போய், "நெத்தியில தழும்பு, கேட்டா ஊர் சொல்லத் தெரியாது" என்று சொல்லும்போது, அடுப்புக்குள் போன முதல் பக்கம் எனக்கு முன்னால் எரிந்தது. அவள் பெயர், ஊர், எல்லாம் அதில் இருந்தது. அது அவளுடைய இடுப்பில் இருந்திருந்தால் யாரோ ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் திருப்பிக் கொண்டுவந்திருப்பார்.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் அதன் அர்த்தம் எனக்கே பிறகுதான் தெரிந்தது. சத்தம் தாங்காமல் எழும்பி நடந்து, யாரோ ஏறுகிறார்கள் என்று தானும் ஒரு பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். டவுணுக்குக் கிட்டவுள்ள ஒரு முகாமில் இறக்கிவிட்டு, ஆர் நீங்க, எந்த ஊர், புருசன் பேர் என்ன என்று கேட்டால் ஒன்றுக்கும் பதில் இல்லை. "உங்களுக்கு ஆர் இரிக்காங்க?" என்று ஒரு பெண் கேட்டபோது மட்டும், "மகள். பாலத்தடி ஹொஸ்டல்ல" என்றாளாம். அந்தப் பெண்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுவந்து உன்னிடம் விட்டாள். ஒரே பதிலை, மாற்றாமல், பிழைவிட இடம் கொடுக்காமல், திரும்பத் திரும்பச் சொன்னால் ஞாபகம் உடைந்தவர்களுக்கும் அது ஊறும் என்று நசீமா மிஸ் சொன்னார். அதை நான் பழக்கியது அன்பினால் இல்லை, எரிச்சலினால். தகவல் கிடைத்ததும் ஹொஸ்டல் வாசலுக்கு ஓடி வந்தேன். உன் கட்டிலில் உன் பக்கத்தில் இருந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதி வந்த கையோடு, என் பெயரை ஒருவருக்கும் சொல்லவில்லையே என்ற எரிவும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தன.

டவுணில் வாவிக்கரைப் பக்கம் ஒரு அறை எடுத்தேன். திரும்பக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோது நசீமா மிஸ் அம்மாவை ஒரு இடத்தில் இருத்திவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "புள்ள எங்க?" என்றார். படிப்பு, சண்டை என்று தொடங்கினேன். பாதியில் விட்டேன். "என்ன அவக்குப் புடிக்கல்ல மிஸ். புள்ளயத்தான் தெரியும். நான் அவக்கு ஒரு ஆளே இல்ல" என்றேன். பெரிய மனிதன், அந்த மேசைக்கு முன்னால் அழுதேன்.

அவர் ஆறுதல் சொல்லவில்லை. "அவ பிழை விட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"பிழை எண்டு சொல்லுவன்."

"ஒவ்வொரு தரமுமா?"

"ஓம்."

"அண்ணன், நீங்க என்னத்துக்கு ஏசின எண்டு அவ மறந்திருப்பா. அந்த நேரம் பட்ட வெக்கமும் பயமும் மறக்கிறல்ல. அது வேற இடத்தில தங்கும். உங்கட முகத்தக் கண்ட ஒடன அதுதான் அவக்கு எழும்புது. ஏனெண்டு அவக்கே தெரியா." பிறகு சொன்னார்: "நானும் ஒரு பிழை விட்டுட்டன். உங்களுக்கு முன்னால புள்ளய மெச்சினன். உங்களுக்கு ஒரு வேல தந்திரிக்கோணும்."

அவர் தந்த வேலை ஒரு கோப்பைத் தேத்தண்ணீர். எல்லாவற்றையும் நான் செய்வது, கடைசியில் கலக்குவது மட்டும் அவள். கரண்டியை வைத்துவிட்டு, "கலக்கு" என்று ஒரு சொல். பிறகு என் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். பிழையென்று ஒரு வார்த்தை வரக் கூடாது. பிழை வரும்போல் தெரிந்தால் முன்னமே கையைத் தொட்டுச் சரியான பக்கம் காட்ட வேண்டும். துருப்பிடித்து இறுகிய இன்ஜினை அரை மணியில் கழற்றுகிற எனக்கு, அந்தக் கரண்டிக்காகக் காத்திருந்தது பெரிய தண்டனை. கலக்குவது வந்த பிறகு சீனி போடுவது. பிறகு தேயிலைச் சாயம் வடிப்பது. இப்படிப் பின்னாலிருந்து முன்னுக்கு ஒவ்வொரு படியாக, முழுத் தேத்தண்ணீரும் அவள் கையால் வர எட்டு மாதத்துக்கு மேல் போனது. அந்தக் காலம் முழுவதும் உன்னை வீட்டோடு வந்து இருக்கக் கூப்பிட்டிருக்கலாம். நடந்து வரக்கூடிய தூரம். நான் கூப்பிடவில்லை. முதலில் நான் வெல்ல வேண்டும் என்று இருந்தேன். தேத்தண்ணீர் வந்த பிறகும் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று தள்ளிப்போட்டேன்.

யுத்தம் முடிந்தது என்று அறிவித்த அன்று டவுணில் வெடி கொளுத்தினார்கள். உன் அம்மா மேசைக்குக் கீழே போய்க் காதைப் பொத்திக்கொண்டு நடுங்கினாள். முந்திய ஆளாக இருந்தால் பிடித்து இழுத்திருப்பேன், "ஒண்டுமில்ல, வெடிதான்" என்று கத்தியிருப்பேன். யன்னலைச் சாத்தினேன். ரேடியோவை நிறுத்தினேன். ஒரு கை தூரம் விட்டு நிலத்தில் இருந்தேன். ஒன்றும் பேசவில்லை. வெடி ஓய்ந்து நெடுநேரம் சென்று அவள் மெல்ல வந்து என் சாரத்து நுனியைப் பிடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். முகம் இறுகவில்லை. "இஞ்சேருங்க" என்றாள், முந்தி என்னைக் கூப்பிடுகிறபடி. "மகளக் கூட்டிட்டு வாங்க."

நாலரை வருசத்துக்குப் பிறகு அவள் என்னிடம் செய்யச் சொல்லிக் கேட்ட முதல் காரியம். கேட்டது உன்னை. அதற்கும் எனக்கு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு ஆட்களிடம் கேட்காமல், சுவரிடம் கேட்காமல், என்னிடம் கேட்டாள். பக்கத்து வீட்டு அக்காவை அவளோடு இருத்திவிட்டு, அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹொஸ்டலுக்கு வந்தேன். சண்டை முடிந்தபடியால் அப்பா கூட்டிப் போக வந்தார் என்று நீ நினைத்தாய். ஊராரும் அப்படித்தான் நினைத்தார்கள். அனுப்பியதற்கும் யுத்தம் எனக்குச் சாட்டாக இருந்தது, கூட்டி வந்ததற்கும் அதுவே சாட்டாக இருந்தது.

அம்மாவின் நிலை உனக்குத் தெரியும். பழைய ஆள் வரவில்லை, இனி வரமாட்டாள். மத்தியானத்துக்குள் தலை களைக்கும். ஆனால் தன் வேலையைத் தான் செய்கிறாள், நான் ஏதாவது சொன்னால் சிரிக்கிறாள். நீ தொலைபேசி எடுத்தால் அவள் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் எரிகிறது. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்கு வந்துவிடுவேன். உன்னிடம் வருகிற குடும்பங்களிலும் கதவடியில் ஒரு ஆள் நிற்பார். கையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவர் மாதிரி. அவரையும் ஒருதரம் திரும்பிப் பார், மகள். அவர் கையிலும் ஒரு சின்ன வேலையைக் கொடு.

இன்னும் ஒன்று இருக்கிறது. நாங்கள் மாங்கேணியில் இருந்தபோது, உன்னுடைய முதல் லீவு முடிந்து நீ ஹொஸ்டலுக்குத் திரும்பப் போகும்போது, பஸ் வரப் பார்த்துக்கொண்டு நின்றோம். நீ பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, நான் அம்மாக்கு ஏதும் பிழையாச் செஞ்சிட்டனா? அதுக்கா அனுப்பின நீங்க?" என்று கேட்டாய். நான், "படிக்கிற வேலயப் பார்" என்றேன். அடுத்த லீவிலும் கேட்டாய். நான் பஸ் வருகிறது என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. நீ இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தபோது எல்லாரும் பெருமைப்பட்டார்கள். எனக்கு மட்டும், இந்தப் பிள்ளை அந்தப் பிழையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறதோ என்று பயமாக இருந்தது.

இல்லை மகள். நீ ஒரு பிழையும் செய்யவில்லை. நீ செய்தது எல்லாமே சரியாக இருந்தது. அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

உன் அப்பா